பிம்பம் கண்ணாடியின் மேல் இல்லை

முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்காத வீடு நம்மிடையே குறைவு. ஆடிகளைப் பற்றிய பாடத்தை அந்தப் பொட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பொட்டை உற்றுப் பாருங்கள். அதன் விளிம்பும் ஓரத்தில் பிதுங்கிய பசையும் துல்லியமாகத் தெரியும் நேரத்தில், உங்கள் முகம் பின்னால் கலங்கலாக இருக்கும். இப்போது பார்வையை உங்கள் இமைக்கு மாற்றுங்கள். முகம் துலங்கும், பொட்டு கலங்கும். கவனித்துப் பார்த்தால் அந்த ஒற்றைப் பொட்டு இரண்டாகப் பிரிந்து தெரிவதையும் காணலாம்.

இரண்டும் ஒரே தொலைவில் இருந்திருந்தால் இப்படி நடக்காது. பொட்டைப் பார்க்கும்போது கண்கள் ஒரு முழத் தொலைவுக்குத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. முகத்தைப் பார்க்கும்போது இரண்டு முழத் தொலைவுக்கு. பொட்டு கண்ணாடியின் மேல் இருக்கிறது. முகத்தின் பிம்பமோ கண்ணாடிக்குப் பின்னால், நாம் முன்னால் நிற்கும் அதே அளவு தொலைவில் இருக்கிறது. பிம்பம் கண்ணாடியின் மேல் படிந்திருப்பதாக நம்மில் பலர் பள்ளி முடிந்த பிறகும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஓர் எண்ணத்தைக் களைந்துவிட்டால், பொருள் இங்கே இருந்தால் பிம்பம் அங்கே என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அட்டவணைக்குத் தேவையே இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது சுவரும் ஆணியும்தான். அங்கே ஒளி எதுவும் போவதில்லை. பிறகு எப்படிப் பிம்பம் அங்கே இருக்கும்? மூக்கு நுனியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு புள்ளியிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அதில் ஒரு பகுதி கண்ணாடியில் படுகிறது. ஒவ்வொரு கதிரும் படும் கோணத்திலேயே திரும்புகிறது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற இந்த ஒரே விதிதான் இந்தக் கட்டுரை முழுவதும் வேலை செய்யப்போகிறது, வேறு விதி கிடையாது. திரும்பிய கதிர்கள் விரிந்துகொண்டே வந்து சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கண்பாவைக்குள் மெல்லிய கற்றையாக நுழைகின்றன. வழியில் அவை திரும்பிய கதை கண்ணுக்குத் தெரியாது. வந்து சேரும் கற்றை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தப் புள்ளியிலிருந்து விரிந்து வருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை எந்தப் புள்ளியில் கூடுகின்றனவோ, அங்கேதான் மூக்கு நுனி இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிதான் பிம்பம்.

கதிர்கள் உண்மையாகவே அந்தப் புள்ளியில் கூடிக் கடந்து வந்திருந்தால் அதை மெய் பிம்பம் என்கிறோம். பின்னோக்கி நீட்டும்போது மட்டும் கூடினால் மாய பிம்பம். மாய பிம்பம் என்பதால் அது மனப்பிரமை என்று ஆகிவிடாது. கண்ணாடிக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று கேமராவில் உங்கள் பிம்பத்தைப் படம் எடுக்க வேண்டுமானால், குவியத்தை இரண்டு மீட்டருக்கு வைக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு வைத்தால் கண்ணாடியின் தூசிதான் தெளிவாக விழும். பிரமைக்குக் கேமரா ஏமாறுவதில்லை.

சமதள ஆடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் அதே தொலைவில் ஒரு பிம்பப் புள்ளி கிடைக்கிறது. அதனால் உருவம் அளவு மாறாமல், நேராகத் தெரிகிறது. இதிலிருந்து கிடைக்கும் ஒரு கணக்கு துணிக்கடைக்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் பயன்படும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் கண் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதத்திலிருந்து வரும் கதிர், பாதத்துக்கும் கண்ணுக்கும் நடு உயரமான 75 செ.மீ.-இல் கண்ணாடியைத் தொட்டுத் திரும்புகிறது. உச்சந்தலையிலிருந்து வரும் கதிர் 155 செ.மீ.-இல் திரும்புகிறது. ஆகவே தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் மாட்டிய 80 செ.மீ. கண்ணாடியே அவரை முழுதாகக் காட்டப் போதும், அவருடைய உயரத்தில் சரிபாதி. சின்னக் கண்ணாடியின் முன் பின்னால் நகர்ந்தால் கால் தெரியும் என்று நாம் எல்லோரும் நகர்ந்து பார்த்திருக்கிறோம். எவ்வளவு நகர்ந்தாலும் அந்தப் பாதிக் கணக்கு மாறாது. சந்தேகம் இருந்தால் ஒரு சோப்புத் துண்டால் கண்ணாடியில் உங்கள் முகத்தின் விளிம்பை வரைந்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள். முகத்தின் பாதி உயரம்தான் இருக்கும்.

இடவல மாற்றத்தைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் கண்ணாடி இடத்தையும் வலத்தையும் மாற்றுகிறது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மேலையும் கீழையும் ஏன் மாற்றவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் கேள்வி மிகச் சரியான கேள்வி. வடக்குச் சுவரில் உள்ள கண்ணாடியைப் பார்த்து நில்லுங்கள். கிழக்குப் பக்கத்துக் கையை உயர்த்துங்கள். பிம்பமும் கிழக்குப் பக்கத்துக் கையையே உயர்த்துகிறது. தலை மேலே, பிம்பத்தின் தலையும் மேலே. மாறியது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் வடக்கு நோக்குகிறீர்கள், பிம்பம் தெற்கு நோக்குகிறது. கண்ணாடி முன்பின் திசையை மட்டும் புரட்டுகிறது. எதிரே நிற்பவர் ஒரு மனிதர் என்று எடுத்துக்கொண்டு, அவர் இடத்தில் நம்மை நடந்து போய்த் திரும்பி நிற்பதாக நாம் கற்பனை செய்வதால்தான் இடமும் வலமும் மாறியதாகத் தோன்றுகிறது.

எழுத்து மட்டும் ஏன் திரும்பித் தெரிகிறது என்றால், அதைத் திருப்பியவர் நாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ‘படம்’ என்று எழுதி, எழுத்து உங்களுக்கு நேராகப் படிக்கும்படி தாளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தாளிலும் ‘படம்’, கண்ணாடியிலும் ‘படம்’. இரண்டும் நேராகவே இருக்கும். சாதாரண நோட்டுத் தாளில் எழுதியிருந்தால், கண்ணாடிக்குக் காட்ட அதை நாம் புரட்டியாக வேண்டும். அந்தப் புரட்டலில்தான் இடமும் வலமும் மாறின. ஆம்புலன்ஸின் முகப்பில் பெயரைத் திருப்பி எழுதுவதும் இதற்காகவே. முன்னே போகும் ஓட்டுநர் தலையைத் திருப்பாமல் தன் வண்டியின் கண்ணாடியில் பார்க்கிறார். திருப்பும் வேலையை எழுதியவர் முன்கூட்டியே செய்துவிடுகிறார்.

வீட்டுக் கண்ணாடியில் எதிரொளிப்பது கண்ணாடி அல்ல, அதன் முதுகில் பூசிய உலோகம். பேனா முனையை அதில் வைத்தால் முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அது கண்ணாடித் தகட்டின் தடிமன் செய்யும் வேலை. முன்பக்கத்திலிருந்தும் சுமார் 4 சதவீத ஒளி திரும்புவதால், கூர்ந்து பார்த்தால் மங்கலான இரண்டாவது பிம்பம் ஒன்றும் இருக்கும். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியில் இந்த இடைவெளி கிடையாது. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, மேற்பரப்பையே மெருகேற்றி ஆடியாக்குகிறார்கள். கலவையின் விகிதம் சில குடும்பங்களுக்குள்ளேயே இருந்துவருகிறது. அவர்களுடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் என்பது அங்கே வழங்கும் மரபுச் செய்தி. தொலைநோக்கிகளின் ஆடிகளும் முன்பக்கத்தில் பூச்சுப் பெற்றவையே. நட்சத்திரத்துக்கு இரட்டைப் பிம்பம் விழுந்தால் வேலை கெட்டுவிடும்.

சமதள ஆடி எதையும் பெரிதாக்குவதில்லை, குவிப்பதில்லை, சிதைப்பதும் இல்லை. கதிர்களின் திசையை மட்டும் திருப்பி, அவற்றுக்கு இடையிலான உறவை அப்படியே விட்டுவிடுகிறது. இது எவ்வளவு பெரிய பண்பு என்று தெரிந்துகொள்ளக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே 1960 முதல் இயங்கிவரும் சுரங்கத் தொலைநோக்கி, 60 மீட்டர் நீளமுள்ள கிடைமட்டச் சுரங்கத்துக்குள் படுத்திருக்கிறது. அவ்வளவு நீளமான கருவியைச் சூரியனோடு சேர்த்துத் திருப்புவது நடக்காத காரியம். அதனால் 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் சமதள ஆடிகளை வைத்தார்கள். அவை நாள் முழுவதும் சூரியனைத் தொடர்ந்து, ஒளியைக் கீழே இறக்கி, சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகின்றன. உள்ளே ஒரு லென்ஸ் சுமார் 34 செ.மீ. விட்டமுள்ள சூரிய பிம்பத்தை உருவாக்குகிறது. அந்தப் பிம்பத்தில் சூரியப் புள்ளிகளைத் தனித்தனியாக ஆராயலாம். ஆடிகளில் மிகச் சிறிய வளைவு இருந்தாலும் அது பிம்பத்தில் பிழையாக வந்து நிற்கும். தட்டையாக இருப்பது எளிமையான வேலை என்று நினைப்பவர்கள், ஓர் ஆடியை உண்மையாகவே தட்டையாகத் தேய்த்தெடுக்கும் பட்டறையை ஒரு முறை பார்த்தால் மனம் மாறுவார்கள்.

இனி வளைந்த ஆடிகள். விதி அதேதான். வளைந்த பரப்பின் ஒவ்வொரு சிறு துண்டும் ஒரு சமதள ஆடியாகவே நடந்துகொள்கிறது. மாறுவது அந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது மட்டுமே. ஒரு கோளத்தின் பகுதியாக உட்புறம் குழிந்த கோளக ஆடியில் எல்லாத் துண்டுகளும் கோளத்தின் மையத்தை, அதாவது வளைவு மையத்தைப் பார்த்து நிற்கின்றன. எனவே மையத்திலிருந்து புறப்படும் கதிர் எங்கே பட்டாலும் வந்த வழியே திரும்பும். அந்த மையத்தையும் ஆடியின் நடுப்புள்ளியையும் சேர்க்கும் கோடு முதன்மை அச்சு. அதற்கு இணையாகவும் நெருக்கமாகவும் வரும் கதிர்கள், ஆடிக்கும் வளைவு மையத்துக்கும் நடுவில் கூடுகின்றன. அந்த இடம் முதன்மைக் குவியம். குவியத் தூரம் என்பது வளைவு ஆரத்தில் பாதி.

ஒப்பனைக்காக விற்கும் குழி ஆடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வளைவு ஆரம் 80 செ.மீ., குவியத் தூரம் 40 செ.மீ. முகத்தை 20 செ.மீ. தொலைவில் வைக்கிறீர்கள். முகத்திலிருந்து விரிந்து வரும் கதிர்களின் விரிவை ஆடி குறைக்கிறது, ஆனால் அவற்றைக் கூட்டும் அளவுக்கு அதனால் முடியவில்லை. குறைந்த விரிவோடு வரும் கதிர்கள் தொலைவான ஒரு புள்ளியிலிருந்து வருவது போலத் தோன்றும். கணக்கிட்டால் பிம்பம் ஆடிக்குப் பின்னால் 40 செ.மீ.-இல், இரண்டு மடங்கு பெரிதாக, நேராக நிற்கிறது. பல் மருத்துவர் வாய்க்குள் விடும் சிறு ஆடிகளில் குழிவானவை பல்லைப் பெரிதாக்கிக் காட்டுவதும் இப்படித்தான்.

இப்போது மெல்லப் பின்னால் நகருங்கள். பாடப் புத்தகங்கள் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி இதுதான், ஆனால் பார்ப்பதற்கு மிக அழகான பகுதி. 40 செ.மீ.-ஐ நெருங்க நெருங்க முகம் பெருத்துக்கொண்டே போகிறது. 40-இல் திரும்பும் கதிர்கள் இணையாகிவிடுகின்றன, பிம்பம் முடிவிலாத் தொலைவுக்குப் போய்விடுகிறது. 60 செ.மீ.-இல் நின்றால் கணக்குப்படி பிம்பம் ஆடிக்கு முன்னால் 120 செ.மீ.-இல், இரண்டு மடங்காக, தலைகீழாக உருவாக வேண்டும். ஆனால் நீங்கள் பார்ப்பது தலைகீழ் முகம் அல்ல, நேரான, கலங்கிய, பெரிய முகம். புத்தகம் தவறா? இல்லை. பிம்பம் உங்கள் தலைக்குப் பின்னால் 60 செ.மீ. தள்ளி உருவாகிறது. கூடுவதற்கு முன்பே கதிர்கள் உங்கள் கண்ணில் வந்து விழுகின்றன. குவிந்துகொண்டே வரும் கதிர்களைத் தெளிவாக்கும் திறன் மனிதக் கண்ணுக்கு இல்லை. உங்கள் தோளுக்குப் பின்னால் ஒருவர் காகிதத்தைப் பிடித்தால், நீங்கள் மறைக்காத பகுதியிலிருந்து வரும் ஒளி அதில் விழும்.

80 செ.மீ.-இல், அதாவது வளைவு மையத்தில், உங்கள் ஒரு கண்ணிலிருந்து புறப்பட்ட ஒளி எல்லாம் அதே கண்ணுக்குத் திரும்புகிறது. ஆடி முழுவதையும் ஒரே கண் நிறைத்துக்கொள்கிறது. அதைத் தாண்டிய கணத்தில் உலகம் தலைகீழாகிவிடுகிறது. ஒரு மீட்டருக்கு அப்பால் போனதும் தலைகீழ் முகம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். 2 மீட்டரில் நின்றால் பிம்பம் ஆடிக்கு முன்னால் 50 செ.மீ.-இல், கால் பங்கு அளவில், காற்றில் நிற்கிறது. அது ஆடிக்குள் இருப்பதாக மனம் அடம்பிடிக்கும். அந்த அடத்தை உடைக்க ஒரு விரலை 80 செ.மீ. இடத்தில் நீட்டி, சற்றுத் தள்ளியிருந்து பாருங்கள். தலைகீழான இன்னொரு விரல் அதே இடத்துக்கு வந்து, நுனியோடு நுனி வைத்து நிற்கும். கண்ணை இடவலமாக அசைத்தாலும் இரண்டு நுனிகளும் பிரிவதில்லை. ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எவர்சில்வர் கரண்டியின் உட்பக்கம் நம் முகத்தை எப்போதும் தலைகீழாகக் காட்டுவதற்கு, அதன் குவியத் தூரம் சில சென்டிமீட்டரே என்பதுதான் காரணம். முகம் எவ்வளவு நெருங்கினாலும் குவியத்துக்கு வெளியிலேயே இருக்கிறது. விரல் நுனியைக் கரண்டியின் குழிக்கு மிக அருகில் கொண்டுபோனால் அது நேராகவும் பெரிதாகவும் மாறும்.

மெய் பிம்பத்தைத் திரையில் பிடிக்க இருட்டறையும் ஒரு ஜன்னலும் போதும். ஜன்னலைப் பார்த்தபடி அந்த ஒப்பனை ஆடியை வைத்து, அதன் முன் 40 செ.மீ.-க்குச் சற்று அப்பால் ஒரு வெள்ளைத் தாளின் துண்டைப் பிடியுங்கள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணிகள், நிறம் மாறாமல், தலைகீழாகத் தாளில் அசையும். வெயில் நேரே விழும் ஜன்னலில் இதைச் செய்யக் கூடாது, தாள் கருகும், கண்ணுக்கும் ஆபத்து. இப்போது ஆடியின் பாதியை ஓர் அட்டையால் மறையுங்கள். பாதித் துணிகள் மறைந்துபோகும் என்று எதிர்பார்ப்பவர்களே அதிகம். எதுவும் மறையாது, படம் முழுதாக இருக்கும், வெளிச்சம் மட்டும் பாதியாகும். காரணம், ஒவ்வொரு துணியின் ஒவ்வொரு புள்ளியும் ஆடியின் எல்லாப் பகுதிக்கும் ஒளி அனுப்புகிறது. புத்தகப் படங்களில் வரையப்படும் இரண்டு கதிர்கள் பிம்பம் எங்கே என்று கண்டுபிடிக்க வசதியாகத் தேர்ந்தெடுத்தவை. அந்த இரண்டு கதிர்களால்தான் பிம்பம் உருவாகிறது என்று எண்ணிவிடும் மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். வரைபடத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்காதவர்களைத்தான் சொல்வேன்.

குவி ஆடியின் கதை எளிது, ஆனால் உயிரோடு தொடர்புடையது. வெளிப்புறம் புடைத்த பரப்பு, விரிந்து வரும் கதிர்களை மேலும் விரிக்கிறது. அதிகம் விரியும் கதிர்கள் மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து வருவதாகத் தோன்றும். அதனால் குவி ஆடியில் உலகம் முழுவதும், அடுத்த வண்டியிலிருந்து அடிவானம் வரை, ஆடிக்கும் அதன் குவியத்துக்கும் இடையிலான சிறிய ஆழத்துக்குள் சுருட்டி அடுக்கப்படுகிறது. அகலமான காட்சி கிடைப்பது இந்தச் சுருக்கத்தால்தான். மலைப்பாதை வளைவுகளிலும், கடைகளின் மூலைகளிலும், வண்டிகளின் பக்கவாட்டிலும் இதை மாட்டுகிறோம்.

மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்றின் வளைவு ஆரம் 1.2 மீட்டர், கண்ணிலிருந்து அது 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பின்னால் 15 மீட்டரில் 3 மீட்டர் உயரமுள்ள பஸ் வருகிறது. அதன் பிம்பம் ஆடிக்குப் பின்னால் சுமார் 58 செ.மீ.-இல், 11.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். அதாவது பிம்பம் உங்கள் கண்ணிலிருந்து 1.2 மீட்டர் தொலைவில்கூட இல்லை! இருந்தும் பஸ் தொலைவில் இருப்பதாகவே தோன்றுகிறது. ஏனென்றால் சாலையில் மூளை பிம்பத்தின் இடத்தைப் பார்ப்பதில்லை, அளவைப் பார்க்கிறது. பஸ் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியும். இவ்வளவு சிறிதாகத் தெரிந்தால் இவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்று அது தீர்ப்புச் சொல்கிறது. மேலே சொன்ன எண்களில் அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ 30 மீட்டர். உண்மையில் இருப்பதோ 15.

பஸ் 5 மீட்டருக்கு நெருங்கிவிட்டது என்று வையுங்கள். பத்து மீட்டர் நெருங்கியதற்குப் பிம்பம் நகர்ந்தது வெறும் 4 செ.மீ. உயரம் மட்டும் 32 செ.மீ.-ஆக வளர்ந்திருக்கிறது. இப்போதும் அது 10 மீட்டர் தள்ளி இருப்பதாகத்தான் மூளை கணக்குப் போடும். ஆடியில் தெரியும் வண்டிகள் தோன்றுவதைவிட அருகில் இருக்கின்றன என்று கார்களின் பக்கக் கண்ணாடியில் பொறித்திருக்கும் எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. வலப்பக்கம் திரும்புவதற்கு முன் ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும் ஓட்டுநர் பயிற்சியாளர், குவி ஆடியின் இயற்பியலைச் சொல்கிறார். உரிமம் வாங்க வருபவர்களுக்கு இந்த ஒரு கணக்கையாவது விளக்க வேண்டும் என்பேன்.

இதுவரை கோளக ஆடியில் இணைக்கதிர்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன என்று சொல்லிவந்தேன். அச்சுக்கு நெருக்கமான கதிர்கள் என்று முதலில் ஒரு நிபந்தனை போட்டது அங்கே சும்மா இல்லை. அச்சிலிருந்து தள்ளிப் படும் கதிர்கள் பாதி ஆரத்தில் கூடுவதில்லை, ஆடிக்கு இன்னும் அருகில் அச்சை வெட்டுகின்றன. வளைவு மையத்திலிருந்து பார்க்கும்போது அச்சோடு 30 பாகைக் கோணத்தில் உள்ள இடத்தில் ஆடியைத் தொடும் கதிர், ஆரத்தின் 0.5 பங்குக்குப் பதில் 0.42 பங்குத் தொலைவில் அச்சைக் கடக்கிறது. 60 பாகையில் தொடுவது ஆடியின் நடுப்புள்ளிக்கே வந்துவிடுகிறது. ஆக, கோளத்துக்குக் குவியப் புள்ளி கிடையாது, குவியக் கோடுதான் உண்டு. கோளப் பிறழ்ச்சி என்று இதைக் குற்றமாகச் சொல்கிறோம்.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இந்தக் குற்றத்தையே கூலிக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள். அங்குள்ள சூரிய சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கோளக் கிண்ணம் இருக்கிறது. அதன் உட்புறம் முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு தட்டைக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். வளைந்த ஆடி என்பது சிறு சமதள ஆடிகளின் கூட்டம் என்று முன்பு சொன்னது அங்கே அப்படியே கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கிண்ணத்தைச் சூரியனுக்கு ஏற்பத் திருப்ப முடியாது. திருப்பவும் வேண்டாம். கோளத்துக்கு எந்தத் திசையும் தனிச்சிறப்பான திசை அல்ல. சூரியன் எங்கே இருந்தாலும் அதற்கும் கோள மையத்துக்கும் இடையே ஒரு கோடு இழுத்தால், அதன் நீட்சியின் மேல் குவியக் கோடு விழுந்துவிடும். அதனால் கிண்ணம் அசையாமல் இருக்க, உருளை வடிவக் கொதிகலன் ஒன்று மட்டும் கணினியின் கட்டுப்பாட்டில் அந்தக் கோட்டைத் தொடர்ந்து நகர்கிறது. நீளமான உருளைதான் அங்கே பொருத்தம், ஏனென்றால் வெப்பம் விழுவது புள்ளியில் அல்ல, கோட்டில். கிடைக்கும் நீராவி கீழே சமையலுக்குப் போகிறது.

திட்டமிடாமல் கிடைத்த குழி ஆடிகளும் உண்டு. 2013-இல் லண்டனின் ஃபென்சர்ச் தெருவில் கட்டி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த கட்டடத்தின் உள்வளைந்த கண்ணாடி முகப்பு, வெயிலைச் சாலையில் குவித்து, நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கி வளைத்துவிட்டது. பிறகு முகப்பில் வெயில் மறைப்புத் தகடுகளை மாட்டினார்கள்.

நட்சத்திரத்தைப் பார்ப்பவர்களுக்குக் கோடு போதாது, புள்ளி வேண்டும். இணைக்கதிர்கள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் வடிவம் பரவளையம். கோளத்தை எடுத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போக வளைவைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் பரவளையம் கிடைக்கும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் வேண்டியதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். மெருகு அபாரமாக இருந்தது, ஆனால் தவறான வடிவத்துக்கு. ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். நட்சத்திரங்கள் ஒளிவட்டத்தோடு கலங்கித் தெரிந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ப் பொருத்திய கருவிகளில், அதே பிழையை எதிர்த் திசையில் கொண்ட சிறு ஆடிகள் இருந்தன. ஒரு பிழை மற்றதை அழித்தது, படங்கள் தெளிந்தன.

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலைப் பகுதியில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிற்கிறது. அதைக் கனவு கண்டு தொடங்கிய வானியலாளர் வைணு பாப்பு 1982-இல் மறைந்துவிட, 1986-இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதன் பெரிய ஆடி பரவளைய வடிவக் குழி ஆடி, குவியத் தூரம் சுமார் 7.6 மீட்டர். நிலவை நோக்கித் திருப்பினால் அந்தக் குவியத்தில் ஏறத்தாழ 7 செ.மீ. விட்டமுள்ள நிலவு உருவாகும்.

அந்தத் தொலைநோக்கியில் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், அதில்தான் ஒரு குவி ஆடி வேலைக்கு வருகிறது. குவியத்தில் கூடுவதற்கு முன்பே கதிர்களை வழிமறித்து ஒரு சிறிய குவி ஆடி திருப்பி அனுப்புகிறது. பெரிய ஆடியின் நடுவில் ஒரு துளை உண்டு. திரும்பிய கதிர்கள் அதன் வழியே போய்ப் பின்னால் கூடி மெய் பிம்பத்தை உருவாக்குகின்றன. குவி ஆடி எப்போதும் மாய பிம்பத்தையே தரும் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்த வாக்கியம் விரிந்து வரும் கதிர்களுக்கு மட்டுமே பொருந்தும். காவலூரின் சிறிய ஆடியை வந்தடைபவை, ஏற்கெனவே கூடப் போய்க்கொண்டிருக்கும் கதிர்கள். அவற்றைக் குவி ஆடி தன் இயல்புப்படி விரிக்கத்தான் பார்க்கிறது, ஆனால் முழுதாக விரித்துவிட அதற்கு வலிமை இல்லை. குவிவின் வேகத்தைக் குறைக்க மட்டுமே முடிகிறது. மெதுவாகக் குவியும் கதிர்கள் நீண்ட தொலைவு ஓடிக் கூடுவதால், தொலைநோக்கியின் குவியத் தூரம் நான்கு மடங்காகி 30 மீட்டரைத் தொடுகிறது. பிம்பமும் நான்கு மடங்கு பெரிதாகிறது. கருவியின் நீளம் மட்டும் கூடவில்லை. நடுவில் நிற்கும் அந்தச் சிறிய ஆடி, வரும் ஒளியில் ஒரு பகுதியை மறைக்கத்தான் செய்கிறது. அதனால் வெளிச்சம் சற்றுக் குறையும், நிலவின் பிம்பத்தில் ஓட்டை எதுவும் விழாது.